கறுப்பு-வெள்ளை சித்திரக்கதை: யார் முதலில் பேசுகிறார் என்று புரியவில்லை, வசனப் பலூன் படத்தை விழுங்குகிறது

மைக்கூடு:
24 பக்கம், ஏ5 அளவு, நடுவில் பின் அடிக்கும் புத்தகம். நிலத் தகராறில் அண்ணன் தம்பி, பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய பத்திரம். இதுதான் கதை. பென்சில் வேலை முழுக்க முடிந்தது, 9 பக்கத்துக்கு மையும் போட்டாச்சு. மாதிரிப் பிரதியைப் படித்த நாலு பேரும் ஒரே குறைகளைத்தான் சொல்கிறார்கள். 3ஆம் பக்க டீக்கடைச் சண்டையில் பேச்சு முன்பின்னாகப் படிக்கப்படுகிறது (இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக ரெண்டு சின்னக் கட்டம், வலப்பக்கம் உயரமாக ஒன்று). பலூன்கள் பாதிக் கட்டத்தை அடைக்கின்றன, இத்தனைக்கும் எழுத்து 7 பாயிண்ட்தான். 9ஆம் பக்கம் பெட்டி திறக்கும்போது யாருக்கும் திடுக்கிடல் இல்லை. மெல்லிய கோடுகள் வேறு அச்சில் காணாமல் போகின்றன. ஏ4 தாளில் வரைந்து, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து ஜேபெக் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் எழுத்து சேர்த்தேன். எதிலிருந்து சரிசெய்வது?

பென்சில்சீவி:
பெட்டியில் ஆரம்பிக்கலாம், அதற்குக் கட்டங்களை நகர்த்தினால் போதும். நம் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்பக்கம் வரும். 8ஐத் திறந்தவுடன் 9ஆம் பக்கத்துப் பத்திரமும் ஓரக்கண்ணில் பட்டுவிடும். அப்புறம் எங்கே திடுக்கிடுவது? 9இன் கடைசிக் கட்டத்தில் பெட்டி மூடியில் கை மட்டும் இருக்கட்டும். புரட்டியதும் 10இன் முதல் கட்டத்தில் பத்திரம். இதற்காக ஒரு பக்கம் கூடினால் பின்னால் எங்காவது ரெண்டு பக்கத்தை ஒன்றாக்குங்கள். பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலாகத்தான் கூடும், குறையும்.

3ஆம் பக்கத்தில் குற்றவாளி அந்த உயரக் கட்டம். மேல் சின்னக் கட்டத்தைப் படித்த கண் கீழே இறங்குமா, வலப்பக்கம் தாவுமா என்று தடுமாறுகிறது. உயரக் கட்டத்தை இடப்பக்கம் கொண்டுபோனால் சிக்கலே இல்லை. கதைப்படி முடியாதென்றால், அடுக்கிய ரெண்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளியும், உயரக் கட்டத்துக்கு முன்னால் 5 மி.மீ. இடைவெளியும் விடுங்கள். மற்ற பக்கங்களில் பக்கவாட்டு இடைவெளி 3 மி.மீ., வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 5 மி.மீ. இருந்தால் கண் வரிசையை விட்டு வழுக்காது.

இன்னொன்று. முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். தம்பி வலப்பக்கம் நின்றுகொண்டு முதலில் பேசினால் அவர் பலூனை மேலே தூக்குங்கள். ஆனால் ரெண்டு பலூன் வாலும் ஒன்றையொன்று வெட்டினால் அந்தப் படமே தப்பு, மறுபடி வரையத்தான் வேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்து, பார்வையை அதற்கு ஒரே பக்கம் வையுங்கள். கயிற்றைத் தாண்டினால் ரெண்டு பேரும் இடம் மாறிவிடுவார்கள். தாண்டியே ஆக வேண்டுமானால் நடுவில் டீ ஆற்றும் கையையோ கிளாஸையோ ஒரு கட்டமாகப் போடலாம். வண்ணம் இல்லாததால் ஒருவருக்குச் சட்டை முழுக் கறுப்பு, மற்றவருக்கு வெள்ளை. முகச்சாயலை நம்பாதீர்கள், அண்ணன் தம்பி வேறு.

புள்ளிக்கோலம்:
7 பாயிண்ட் ஏ4 கோப்பில் வைத்ததா? அப்படியென்றால் ஏ5க்குச் சுருங்கும்போது 71 சதவீதம், அச்சில் 5 பாயிண்ட்தான் வரும். தமிழில் அது ண, ணை, ழு எல்லாம் மைப்பொட்டாகிற அளவு. அச்சில் 9 பாயிண்ட் வேண்டும், அதற்கு ஏ4இல் 13 வையுங்கள். வரி இடைவெளி 125 முதல் 130 சதவீதம். அதற்குக் குறைந்தால் மேல் வரி 'மூ'வின் வாலும் கீழ் வரி 'கீ'யின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் பலூன் இன்னும் வீங்குமே என்றால், வீங்கும். வெட்ட வேண்டியது வசனத்தை. "அவர்கள் நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள்" என்பதில் கடைசிச் சொல் மட்டும் 15 எழுத்து, எந்தப் பலூனுக்கும் அது உலக்கை. "நம்மள / ஏமாத்திட்டு / இருக்காங்க" என்று மூன்று வரியில் அழகாக உட்காரும், டீக்கடையில் பேசுகிற மாதிரியும் இருக்கும். ஒரு பலூனுக்கு 12 சொல் என் வரம்பு. மிஞ்சினால் ரெண்டு பலூன். சொல்லை உடைக்க நேர்ந்தால் புதிய வரி மெய்யெழுத்தில் தொடங்கவே கூடாது.

பலூனைக் கடைசியில் ஒட்டுவதுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம். துண்டுத்தாளில் கட்டம் பிரிக்கும்போதே வசனத்தை எழுதி, பலூனுக்கு இடம் ஒதுக்கி, மிச்ச இடத்தில் ஆளை நிறுத்த வேண்டும்.

கத்தலுக்கு போல்ட் பொத்தானை அழுத்தாதீர்கள். எழுத்துருவில் தடிமன் வடிவம் இல்லாவிட்டால் மென்பொருள் கோட்டை ஊதித்தான் காட்டும், சுழி அடைபடும். அளவைக் கூட்டுங்கள். பளார், தடால் மாதிரி ஒலிகளைக் கையால் வரைவதே நல்லது, புள்ளியைக் கொஞ்சம் மிகையாகப் போட்டு. வளைத்த எழுத்தில் புள்ளி பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துவிட்டால் 'பளார்' அறை 'பளார' ஆகிவிடும்.

மைக்கூடு:
ஆமாம், ஏ4இல் வைத்த 7தான்! இன்னொரு தொல்லை: ஃபோட்டோஷாப்பில் 'கொ' தட்டினால் கொம்பு தனி, கால் தனியாக நிற்கிறது.

அச்சுமை:
பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' தேர்ந்தெடுங்கள். பின்னால் வந்த சில பதிப்புகளில் அதன் பெயர் 'வேர்ல்ட்-ரெடி'. பழைய எழுத்து அடுக்குகள் தானாகச் சரியாகாவிட்டால், பாராகிராஃப் பலகத்தின் மெனுவிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் எழுத்துக்கு ஃபோட்டோஷாப்பே வேண்டாம் என்பேன். படத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் வைத்து, பலூனையும் எழுத்தையும் அங்கே போட்டு பிடிஎஃப் எடுத்தால் எழுத்து வெக்டராக (புள்ளிகளாக இல்லாமல் கோட்டு வடிவமாக), ஓரம் கூர்மையாக வரும். அச்சகத்தில் நூறு சதவீதக் கறுப்பு மை மட்டும் போடச் சொல்லுங்கள்; நாலு மை கலந்த கறுப்பில் வண்ணத்தகடு துளி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

கோடு மறைவதற்கு ரெண்டு காரணம். 0.1 மி.மீ. கோடு ஏ5இல் 0.07 ஆகிறது, அச்சில் 0.09க்குக் கீழே போனால் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஏ4இல் குறைந்தது 0.2 பேனா பிடியுங்கள். அடுத்தது அந்த ஜேபெக். கோட்டோரச் சாம்பல் நிறத்தை அச்சு சிறு புள்ளிகளாக உடைப்பதால் கோடு ரம்பப் பல்லாகத் தெரிகிறது. 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாக வைத்து, சாம்பலே இல்லாத பிட்மேப்புக்கு 50 சதவீதத் திரெஷோல்டில் (கறுப்பா வெள்ளையா என்று பிரிக்கும் எல்லை) மாற்றுங்கள். சாம்பல் நிழல் வேண்டிய இடத்தில் குறுக்குக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

பக்க ஓரம் வரை படம் போகிற இடங்களில், ஏ5 அளவில் ஒவ்வொரு ஓரத்திலும் 3 மி.மீ. கூடுதலாக வருமாறு வரையுங்கள். அதாவது கோப்பு 154 × 216 மி.மீ. பலூன் எதுவும் வெட்டுக்கோட்டுக்கு 5 மி.மீ.க்குள் வரக் கூடாது. பின் அடிக்கும் பக்கம் 8 மி.மீ. விடுங்கள்.

பென்சில்சீவி:
மை போட்ட 9 பக்கத்தையும் தூக்கிப் போட வேண்டாம். 3ஐ மட்டும் மறுபடி வரைந்தால் போதும். மீதி எட்டில் மறைந்த கோடுகளை அசல் தாளிலேயே தடித்த பேனாவால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஸ்கேன் போடுங்கள்.