வாஷிங் மெஷினில் ஷாக்: பழைய வண்ணாரப்பேட்டை பிளாட் குழு

செல்வி, 2ஆவது மாடி: வாஷிங் மெஷின் ஓடும்போது ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை. வேறு யார் வீட்டிலாவது இப்படி இருக்கிறதா?

கார்த்திக், கீழ் வீடு: எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலும் லேசாக இருக்கிறது அக்கா. ரப்பர் மேட் போட்டிருக்கிறோம்.

தேவராஜ் அண்ணன்: மேட் போட்டுச் சமாளிக்காதே தம்பி. செல்வி, மெஷின் பக்கம் போகாமல் மெயினை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி வைம்மா, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சாயங்காலம் வருகிறேன்.

தேவராஜ் அண்ணன்: பார்த்தாச்சு. சாக்கெட்டுக்குள் எர்த் வயர், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை வயர், சும்மா தொங்குகிறது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் இருந்து ஒரு சின்ன கறுப்பு வயர் துண்டை எடுத்து எர்த் ஸ்க்ரூவில் முறுக்கிவிட்டிருக்கிறார்கள். இதுதான் ஆபத்து. டெஸ்ட் லேம்ப் வைத்தால் பல்பு எரியும், எர்த் நன்றாக இருக்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், மெஷினை ஆன் செய்ததும் 230 வோல்ட் அதன் வெளித் தகரத்தில் வந்து நிற்கும். வயரிங்குக்கு ஐஎஸ் 732, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043 என்று இந்தியத் தரநிலை விதிமுறை இருக்கிறது, வீட்டு சாக்கெட்டில் இந்தக் கோர்ப்புக்கு இடமே கிடையாது.

கார்த்திக்: கரண்ட் அதிகமானால் தானே விழும் எம்சிபி சுவிட்ச் இருக்கிறதே அண்ணா, விழாதா?

தேவராஜ் அண்ணன்: அது வயர் சூடாகிக் கருகாமல் இருப்பதற்கு. ஆளைக் கொல்ல அரை ஆம்பியர்கூட வேண்டாம், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஆர்சிசிபி சுவிட்ச்தான்.

கவிதா, 3ஆவது மாடி: எங்கள் வீட்டில் அது அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் கழற்றி நேராகக் கொடுத்துவிட்டுப் போனாரே!

தேவராஜ் அண்ணன்: ஐயோ. அம்மா, ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்ததும் சமமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைப்பதற்குள் அணைத்துவிடும். உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் கோர்த்திருந்தால் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு எர்த்தில் போய்விடும், விழத்தான் செய்யும். எங்கே கசிகிறது என்று தேடாமல் அதைக் கழற்றியதுதான் தப்பு. முதலில் திரும்பப் போடுங்கள், மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

செல்வி: அந்தப் பச்சை வயர் ஏன் தொங்கியது அண்ணா?

தேவராஜ் அண்ணன்: தண்ணீர் மோட்டார் பக்கத்தில் எர்த் வயரை மண்ணில் இறக்கியிருக்கும் குழியை, அதாவது எர்த் பிட்டைத் திறந்தேன். உப்புக் காற்றில் நட்டு துருப்பிடித்து உதிர்கிறது, வயர் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மொத்த பிளாட்டுக்கும் எர்த் இல்லை. பச்சையில் கொடுத்து வேலை செய்யாததால் நியூட்ரலில் கோர்த்துவிட்டார்கள் போல. புது எர்த் போட்டு, எர்த் டெஸ்டரில் அளந்து, அப்புறம் வீடு வீடாக சாக்கெட்டைத் திறந்து கோர்த்ததை எல்லாம் எடுக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும், தெரிந்த பையன் என்று யாரையும் கூப்பிடாதீர்கள்.

செக்ரட்டரி: ஞாயிறு காலை 9 மணிக்கு ஆள் வருகிறார். அதுவரை ஷாக் அடிக்கும் எதையும் யாரும் ஓட்ட வேண்டாம். கீழே மீட்டர் போர்டு முழங்கால் உயரத்தில் இருக்கிறது, மழைக்கு முன்னால் அதையும் மேலே ஏற்ற ஈபி ஆபீசில் எழுதிக் கொடுக்கிறேன்.

கவிதா: மோட்டார் ஓடுமா சார்?

செக்ரட்டரி: ஓடாது. சனிக்கிழமை ராத்திரியே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.