13 வயசு பிட்சர்: வேகம் கூட வெயிட் பால் வாங்கலாமா?

கேட்டி அப்பா:
டெக்சாஸ், கேட்டியில இருக்கோம். பையனுக்கு 13. பேஸ்பால் ஆடறான். உள்ளூர்ப் பசங்க ஆடற லிட்டில் லீக்ல ஒரு டீம், ஊர் ஊரா போய் டோர்னமென்ட் ஆடற டிராவல் பால்ல ஒரு டீம், ரெண்டுலயும் பிட்சர், அதாவது பந்து போடறவன். ரேடார் கன்ல 66 மைல் காட்டுது. கூட ஆடுற பையன் 74 போடறான், அவன் ஏதோ அகாடமியில வெயிட் பால் ப்ரோகிராம் போறானாம், எடை கூடக் குறைய இருக்கற பந்துகளை எறிஞ்சு பழகறது. 6 வாரம்தான், சேர்த்துடுங்கன்னு எங்க டிராவல் கோச்சும் சொல்றார். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கிரிக்கெட், பேஸ்பால் இவனாலதான் பழக்கம். வார இறுதி டோர்னமென்ட் முடிஞ்சா முழங்கை உள்பக்கம் வலிக்குதுன்றான், ஐஸ் வச்சா புதன்கிழமைக்குள்ள சரியாயிடுது. பந்து செட் வாங்கலாமா?

சியாட்டில்வாசி:
தாராளமா வாங்கலாம். என் பையனுக்கு 17, போன குளிர்காலம் முழுக்க வெயிட் பால்தான், வேகம் நல்லாவே ஏறிச்சு. கை ஒண்ணும் ஆகல. இங்க பக்கத்துல கென்ட்ல இருக்கற டிரைவ்லைன் பயிற்சி மையத்துக்கு மேஜர் லீக்ல ஆடற தொழில்முறை ஆளுங்களே வர்றாங்க. காலம் மாறிடுச்சு சார்.

எல்போ அக்கா:
பந்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க தம்பி. "புதன்கிழமைக்குள்ள சரியாயிடுது"ன்னு போற போக்குல எழுதிட்டீங்க பாருங்க, எனக்கு அங்கதான் கண்ணு நிக்குது. நான் ஹூஸ்டன் பக்கம் பிசியோதெரபிஸ்ட். சீசன்ல என்கிட்ட வர்ற பசங்கள்ல பாதிப் பேர் பிட்சருங்கதான். அவங்க அப்பா அம்மாவும் இதையேதான் சொல்வாங்க.

13 வயசுல முழங்கை உள்பக்க எலும்பு முனை இன்னும் முழுசா ஒட்டியிருக்காது, நடுவுல குருத்தெலும்பு இருக்கும். பசங்களுக்குப் பெரும்பாலும் 15 தாண்டித்தான் அது மூடும். பெரிய ஆளுன்னா தசைநார் கிழியும். சின்னவனுக்குத் தசைநார் கெட்டியாத்தான் இருக்கும், அது பிடிச்சிருக்கற எலும்பு முனைதான் நகரும். காயாத சிமென்ட்ல நட்ட கொக்கியை இழுக்கற மாதிரி. லிட்டில் லீக் எல்போன்னு இதுக்குப் பேரே இருக்கு. ஐஸ் வலியை அடக்கும், முனையை ஒட்ட வைக்காது. குழந்தைகள் எலும்பு டாக்டரைப் பார்த்து ரெண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுங்க, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கையும் வேணும். அதுவரைக்கும் எறியவே கூடாது, கொல்லைப்புறத்துல உங்களோட கேட்ச் பிடிக்கறதும் சேர்த்துத்தான்.

இப்ப வெயிட் பால். 2018ல வந்த ஒரு ஆய்வு உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லுது. 13லிருந்து 18 வயசு பசங்க, அதே 6 வாரம், 2 அவுன்ஸ்லிருந்து 32 அவுன்ஸ் வரைக்கும் பந்து. ஆட்டத்துல போடறது 5 அவுன்ஸ்தான், ஞாபகம் வச்சுக்கோங்க. வேகம் சராசரியா 3 சதவீதம் சொச்சம் கூடிச்சு. வெயிட் பால் போட்டவங்கள்ல 24 சதவீதம் பேருக்குக் காயம், போடாத குழுவுல ஒருத்தருக்கும் இல்ல. உங்க பையனோட 66க்கு 3 சதவீதம்னா 2 மைல். அவன் ரெண்டு இன்ச் வளர்ந்தாலே அது வந்துடும். சியாட்டில்வாசி சொல்றது பொய்யில்ல, ஆனா எலும்பு முத்தின 17 வயசுப் பையன், பக்கத்துல நின்னு பார்க்க ஆள் இருக்கற இடம், அது வேற. கேட்டியில ஆன்லைன்ல செட் வாங்கி கராஜ் சுவத்துல அடிக்கறது வேற.

ஆனா என் பயம் வெயிட் பால்கூட இல்ல. உங்க பையனுக்கு டீம் ரெண்டு, கை ஒண்ணு. மொத்தமா எத்தனை பிட்ச், அதாவது எத்தனை பந்து போட்டான்னு யார்கிட்ட கணக்கு இருக்கு? மேஜர் லீக்கும் யூ.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து போட்ட பிட்ச் ஸ்மார்ட் கணக்குப்படி 13-14 வயசுக்கு ஒரு நாளைக்கு 95தான் உச்சம். 51லிருந்து 65 வரை போட்டா 3 நாள் ஓய்வு, 66க்கு மேல போனா 4 நாள். வெள்ளி ராத்திரி லிட்டில் லீக்ல 60 போட்டவன் ஞாயித்துக்கிழமை டிராவல் டீம்ல மறுபடி பந்து போட மவுண்ட் ஏறுவான். அந்த கோச் பேப்பர்ல அவன் இன்னும் ஒரு பந்தும் போடாதவன். சில டோர்னமென்ட்ல பிட்சை எண்ணறதே இல்ல, இன்னிங்ஸ்தான் கணக்கு. பேஸ்பால்ல ஒரு இன்னிங்ஸ்னா மூணு பேரை அவுட்டாக்கறது, அது 9 பிட்ச்லயும் முடியும், 35லயும் முடியும்.

வருஷத்துக்கு 100 இன்னிங்ஸ் தாண்டக்கூடாது, 4 மாசம் எறியறதையே நிறுத்தணும், இதுவும் அதே விதியிலதான் இருக்கு. டெக்சாஸ்ல பனி வந்து மைதானத்தை மூடாது, அதனால நாமதான் மூடணும். 481 பசங்களை 10 வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வுல, 100 இன்னிங்ஸ் தாண்டினவங்களுக்குப் பெரிய காயம் வர்ற வாய்ப்பு மூணரை மடங்குன்னு வந்துது.

வேகம் வேணாம்னு சொல்லல. அது கால்லயும் இடுப்புலயும் இருக்கு. முன்கால் நீளமா போய் ஊனி நிக்கணும், இடுப்பு முதல்ல திரும்பணும், தோள் அதுக்கப்புறம் வரணும். ஸ்குவாட், ஓட்டம், மெடிசின் பால், இதெல்லாம் இந்த நாலு மாசத்துல நல்லா பண்ணலாம். சாப்பாடும். நம்ம வீட்டுப் பசங்க காலைல மூணு இட்லியோட கிளம்பி ரெண்டு மேட்ச் ஆடுதுங்க, கூட ரெண்டு முட்டையாவது வைங்க!

ஒரு அம்மா என்கிட்ட "டாமி ஜான் ஆபரேஷன் பண்ணா வேகம் கூடுமாமே"ன்னு கேட்டாங்க, கிழிஞ்ச முழங்கைத் தசைநாருக்குப் பதிலா வேற நார் வைக்கற ஆபரேஷன் அது. 1974ல முதல்முதலா அந்த ஆபரேஷன் நடந்த பிட்சர் டாமி ஜான் அதுக்கப்புறம் 164 மேட்ச் ஜெயிச்சார், உண்மைதான். ஆனா அவர் வேகத்தை நம்பினவரே இல்ல, கடைசியில கீழ இறங்கற சிங்கர் பந்து போட்டு, அடிக்கறவங்களைத் தரையோட உருட்ட வைப்பார்.

கேட்டி அப்பா:
அக்கா, டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு. இன்னொண்ணு, பிட்ச் பண்ணாத இன்னிங்ஸ்ல அவனை கேட்சரா, நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி, நிக்க வைக்கறாங்க. அது ஓய்வுதானே? கோச்கிட்ட வேணாம்னு சொன்னா பெஞ்சுல உட்கார வச்சுடுவாரோன்னும் இருக்கு.

எல்போ அக்கா:
ஓய்வா? பிட்சருக்கு அடுத்து அதிகமா எறியறது கேட்சர்தான். ஒரே மேட்ச்ல ரெண்டும் கூடாதுன்னு பிட்ச் ஸ்மார்ட்லயே இருக்கு. டாக்டர் எறியலாம்னு விட்ட பிறகும், பிட்ச் பண்ற அன்னைக்கு மத்த இன்னிங்ஸுக்கு, எறியற வேலை கம்மியான ஃபர்ஸ்ட் பேஸ் இடத்தைக் கேளுங்க. டாக்டர்கிட்ட கையெழுத்தோட ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க, நீங்க வாயால சொல்றதைவிட அதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

டல்லஸ் ஸ்கோர்புக்:
நாங்க செய்யறது: ரெண்டு டீமுக்கும் சேர்த்து ஒரே ஷீட். தேதி, பிட்ச் எண்ணிக்கை, அடுத்து எந்த நாள் எறியலாம். ரெண்டு கோச்சுக்கும் லிங்க் அனுப்பிடுவோம். பார்க்க மட்டும்தான், எடிட் பண்ண முடியாது.