அவன் இல்லாமல் கேக்

'பெரிய வீடு' குழு, ஞாயிற்றுக்கிழமை

மதுரை அத்தை (காலை 7:40): எல்லாரும் பாருங்கள், நம்ம சாந்தி பேப்பரில் வந்திருக்கிறாள். மாவட்டத்திலேயே சிறந்த மருத்துவர் என்று கலெக்டர் கையால் விருது. படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், எழுத்து சின்னதாகத் தெரிந்தால் பெரிதாக்கிக் கொள்ளுங்கள்.

சித்தப்பா: வாழ்த்துகள் மருமகளே!

டொராண்டோ கார்த்தி: எனக்குத் தமிழ் படிக்க வராது, போனில் பேசித்தான் எழுதுகிறேன். பேப்பரை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். யாரோ ஓர் ஆண் டாக்டராம், இருபது வருடமாகப் பிரசவம் பார்க்கிறானாம், அவனே இரண்டு குழந்தைகளுக்குத் தாயாம். யார் இது? சாந்தி மதினி எங்கே?

மதுரை அத்தை: ஐயையோ

பெரிய மாமா: முப்பது வருடம் வகுப்பில் இதைத்தான் கத்தினேன். பேப்பரில் போட்டிருக்கிற 'அவர்' பலர்பால். ஒருவருக்கு மரியாதையாக வைத்துக்கொண்டோம். ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் சொல்லாது.

செல்வி: அங்கேதான் இயந்திரம் திணறுகிறது மாமா. ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆணா பெண்ணா என்று ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். அது படித்துத் தேறிய வாக்கியங்களில் டாக்டர் என்றால் பெரும்பாலும் ஆண், அதனால் அடுத்த வரியிலேயே தாய் என்று இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆண் என்று போட்டுவிடுகிறது. துருக்கி மொழியிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'ஓ' என்ற ஒரே சொல்தான், அங்கேயும் இதே கூத்து. பலரும் சத்தம் போட்டபிறகு 2018 டிசம்பரில் கூகுள் துருக்கி வாக்கியங்களுக்கு இரண்டு விடையையும் சேர்த்துக் காட்ட ஆரம்பித்தது.

டொராண்டோ கார்த்தி: இருங்கள். அதே வாக்கியத்தில் மருத்துவரை எடுத்துவிட்டு செவிலியர் என்று சொல்லிப் பார்த்தேன். உடனே பெண்ணாகிவிட்டார்.

சித்தப்பா: இதெல்லாம் ஒரு விஷயமா? விருது வாங்கியிருக்கிறாள், சந்தோஷம். ஒரு டாக்டர் எமோஜி பொம்மையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே.

செல்வி: அந்தப் பொம்மைக்கும் ஒரு கதை இருக்கிறது சித்தப்பா. 2016 வரைக்கும் போனில் போலீஸ், துப்பறிவாளர், கட்டட வேலை செய்கிறவர் எல்லாம் ஆண் முகம். பெண்ணுக்கு என்ன இருந்தது? மணப்பெண், இளவரசி, நடனம், நகப்பூச்சு. இத்தனைக்கும் எல்லாப் போனுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துப் பட்டியலில் 'போலீஸ் அதிகாரி' என்று மட்டும்தான் இருந்தது, ஆண் என்று யாரும் எழுதவில்லை, வரைந்த கம்பெனிகள் தாமாக வைத்த முகம் அது. அந்த வருடம்தான் பெண் டாக்டரைச் சேர்த்தார்கள். அதற்கும் புதிதாக ஓர் எழுத்து உண்டாக்கவில்லை. பெண் முகம் ஏற்கெனவே இருந்தது, மருத்துவச் சின்னமும் இருந்தது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டு எழுத்தைப் போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

மதுரை அத்தை: அதனால்தான் அன்றைக்கு உங்கள் மாமா வீட்டையே அல்லோலகல்லோலப்படுத்தினாரா?

பெரிய மாமா: அது பழைய போன். பெண் தலை தனியாக வந்தது, பாம்பு சுற்றிய கம்பு தனியாக வந்தது. யார் வீட்டில் பாம்பு என்று கேட்டது ஒரு குற்றமா?

செல்வி: செயலிகளைத் தமிழாக்குகிற வேலையில் ஒரு நிம்மதி, 'டைப் செய்கிறார்' என்று எழுதினால் வேலை முடிந்தது. இந்திக்கு எழுதுகிற தோழி பாவம், வினைச்சொல்லிலேயே ஆணா பெண்ணா என்று வந்துவிடும். எங்கள் மொழியில் அந்தத் தொல்லையே இல்லை என்று அவளிடம் பீற்றிக்கொள்வேன்.

வெண்ணிலா (காலை 8:25): அக்கா, இதெல்லாம் ஒரு விஷயமா என்று அப்பா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் இயந்திரமாவது தெரியாமல் செய்கிறது. என் கேக் சேனலில் நான் திருநங்கை என்று தெரிந்தே செய்கிறார்கள். பெயர் மேலேயே இருக்கிறது, சேலை கட்டிக்கொண்டுதான் பேசுகிறேன், கீழே பார்த்தால் அவன் வந்துட்டான், அது பேசுது, இப்படியே போகும். யூடியூபில் ஒரு வசதி உண்டு, நாம் கொடுக்கிற சொல் இருந்தால் அந்தக் கருத்தை வெளியிடாமல் நிறுத்தி வைக்கும். போன மாதம் 'அவன்' என்று கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் எழுந்தால் வரிசையாக நிற்கிறது. முக்கால்வாசி என்ன தெரியுமா? அவன் இல்லாமல் கேக் செய்யலாமா அக்கா. எந்த அவன் வாங்கலாம். அவன் எத்தனை டிகிரி.

மதுரை அத்தை: அட கடவுளே, எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

டொராண்டோ கார்த்தி: செயலியில் போட்டேன். எந்த ஆணை வாங்கலாம் என்று கேட்கிறார்களாம். என்ன விலை?

வெண்ணிலா: சரி, அவனை விடுவோம் என்று 'அது' என்பதைத் தடுத்தேன். அது இன்னும் மோசம். அது எப்படி இவ்வளவு மெத்தென்று வந்தது, அது செம டேஸ்ட் என்று பாராட்டினவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன். இப்போது காலையில் காபியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நானே அழிக்கிறேன், கீரை ஆய்கிற மாதிரி.

பெரிய மாமா: 'அது' என்கிறவர்கள் இலக்கணத்திலும் பெயில். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இதைத் தொட்டுவிட்டார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கென்று தனி முடிவு கிடையாது, உயர்திணை முடிவைத்தான் கொள்ளும் என்கிறார். இவர்கள் அஃறிணைக்குத் தள்ளுகிறார்கள்.

சித்தப்பா: அத்தான், பேப்பரிலேயே கண்ட சொல்லையும் போட்டுத்தானே நாங்கள் படித்து வளர்ந்தோம். எது சரியான சொல் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

செல்வி: அது நியாயமான கேள்வி சித்தப்பா. நமக்கு ரொம்பத் தாமதமாகத்தான் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்து, நீதிமன்றம் கேட்டுக்கொண்டபிறகுதான் 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் போட்டது, செய்தி எழுதுகிறவர்கள் திருநங்கை, திருநம்பி போன்ற மரியாதையான சொற்களைப் புழங்க வேண்டும் என்பதற்காக. அதைக் கருத்துப் பெட்டியில் எழுதுகிறவர்களுக்கு யார் கொண்டுபோய்க் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

மதுரை அத்தை: 2008-இல் திருநங்கை ரோஸ் விஜய் டிவியில் நிகழ்ச்சி நடத்தும்போது நானும் உங்கள் பாட்டியும் அடுப்படியை ஒழித்துவிட்டு வந்து உட்காருவோம். அந்தப் பெண் பேசுகிற தெளிவைப் பார்த்து அசந்து போவோம். ஆனால் நம்ம வீட்டில் நீ வந்து சொன்னபோது எனக்கு வாயே வரவில்லை வெண்ணிலா. டிவியில் பார்க்கிறது வேறு, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மதுரை அத்தை: இனிமேல் உன்னை அவர், இவர் என்றே சொல்லிவிடுகிறேன். செல்வி சொன்ன மாதிரி ஒரு தொல்லையும் இல்லை.

வெண்ணிலா: ஐயோ வேண்டாம் அத்தை. நீங்கள் யாரை அவர் என்கிறீர்கள்? மாமாவை, அப்புறம் சிலிண்டர் கொண்டுவருகிறவரை. சாந்தி மதினியை என்றைக்காவது அவர் என்றிருக்கிறீர்களா? வாடி, போடி, எங்கேடி போனாய், இதுதானே. எனக்கு மட்டும் மரியாதை கொடுத்துத் திண்ணையிலேயே உட்கார வைக்காதீர்கள்.

மதுரை அத்தை: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மதுரை அத்தை (காலை 9:02): சரிடி. வெள்ளிக்கிழமை சாந்திக்கு விருந்து. முந்தின நாளே வந்துவிடு, கேக்கை இங்கேயே செய்யலாம். முட்டை போடாமல் செய், மாமா விரதம்.

வெண்ணிலா: உங்கள் வீட்டில் அவன் இருக்கிறதா அத்தை?

மதுரை அத்தை: எவன்டி?