கொழும்பு மாடியில் ஸ்ட்ரோபெரி: புளிப்பு இனத்தாலா, இரவாலா? மருந்துப் பயமும் இருக்கு

மாடிப்பயிர் (வெள்ளவத்தை)

வணக்கம். நுவரெலியாவிலிருந்து எடுத்த ஸ்ட்ரோபெரி நாற்று 24, மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, தும்புத்தூள் பைகளில் நிற்கின்றன. இலை கொழுத்து வளருது, ரன்னரும் (நுனியில் புதுச்செடி விடும் படர்தண்டு) ஓடுது, பூ மட்டும் ஏழெட்டுச் செடியில்தான். பழம் சின்னன், பிரிக்ஸ் (சாற்றின் சீனி அளவு) 5ஐத் தாண்டவில்லை, மணமே இல்லை. பசளை அல்பர்ட் கரைசல், லீற்றருக்கு 2 கிராம், கிழமைக்கு மூன்று தரம்.

கேட்க விரும்புவது:

1. புளிப்புக்குக் காரணம் பசளையா, இனமா, இடமா?
2. இரண்டு இனத்தைக் கலந்து, விதை போட்டு, ருசியும் சத்தும் கூடிய ஒன்றை வீட்டிலேயே தெரிவு செய்ய முடியுமா? செய்முறை வேண்டும்.
3. கடையில் வாங்கும் பழத்தில் மருந்து நிறைய என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை? கழுவினால் போகுமா?

---

குளிர்வீடு

முதல் கேள்விக்கு மட்டும் பதில். குற்றவாளி இரவு.

ஸ்ட்ரோபெரி பகலில் செய்த சீனியை இரவில் மூச்சுக்குச் செலவழிக்கும். பகல் 18 - 24 பாகை, இரவு 10 - 15 பாகை என்றால் மிச்சம் பழத்துக்குப் போகும். கொழும்பில் இரவு 24 - 25. மிச்சமே இல்லை. அதோடு சூட்டில் பழம் அவசரமாகப் பழுக்கும், சீனி சேர நாள் கிடைக்காது. ரன்னர் ஓடுவதும் சூட்டின் அடையாளம்தான், செடி பூக்கிற புத்தியில் இல்லை.

பகல் நீளத்தையும் சொல்ல வேண்டும். 'குறும்பகல் இனம் (பகல் குறுகினால் பூப்பது) வேண்டாம், பகல்நடுநிலை இனம் (பகல் நீளத்தைப் பாராமல் பூப்பது) வாங்கு' என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே கோடையில் பகல் 14, 15 மணி நேரம். நாங்கள் இருப்பது 7 பாகை அகலாங்கில். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. குறும்பகல் இனத்துக்கு இங்கே வருடம் முழுக்கக் குறும்பகல்தான். பூவைத் தடுப்பது வெப்பம். அதனால்தான் அதே செடி குளிரான நுவரெலியாவில் பூத்துக்கொண்டே இருக்கும், வெள்ளவத்தையில் இலை மட்டும் போடும்.

பசளையிலும் பிழை இருக்கு. லீற்றருக்கு 2 கிராம் தக்காளிக்குச் சரி, இதற்கு அதிகம். ஸ்ட்ரோபெரி உப்புக்கு மகா பயந்த பயிர்: மண்கரைசலின் ஈசி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) 1.0ஐத் தாண்டினால் கூடுகிற ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். பாதியாக்குங்கள். ஈசி மீற்றர் கட்டாயம் வேண்டும்: ஊற்றுவது 1.0 - 1.3, பீ.எச் 5.5 - 6.2. பைக்குக் கீழே வடியும் தண்ணீரையும் அளவுங்கள். அது ஊற்றியதைவிட 0.5 கூட என்றால் உப்பு தேங்குது, வெறும் தண்ணீர் விட்டு அலசவேண்டும்.

தும்புத்தூளைக் கழுவினீர்களா? கடலோரத்தில் ஊறப்போட்ட தும்பு என்றால் சோடியம் நிறைய இருக்கும், பொட்டாசியமும் கூட. கல்சியம் நைத்திரேற்று லீற்றருக்கு 5 கிராம் அளவில் கரைத்து ஒரு நாள் ஊறவிட்டு, வடியும் நீரின் ஈசி 0.5க்குக் கீழே வரும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதை விட்டால் இளம் இலை நுனி கருகும். கன பேர் அதைப் பங்கசு என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள், அது கல்சியக் குறைபாடு. அல்பர்ட்டையும் கல்சியம் நைத்திரேற்றையும் ஒரே வாளியில் செறிவாகக் கலக்க வேண்டாம், சுண்ணாம்பு மாதிரிப் படியும்.

மாடியிலேயே செய்துதான் ஆகவேண்டும் என்றால் இரண்டு வழி. செடியின் குருத்தடியை மட்டும் குளிர்விப்பது ஒன்று: ஜப்பானில் 20 பாகைத் தண்ணீர் ஓடும் குழாயை அடியோடு ஒட்டவைத்து ஓடவிடுகிறார்கள். மீன் தொட்டிக் குளிரூட்டியால் 24 செடிக்குச் செய்யலாம். பூ கூடும், ஆனால் இரவுக் காற்று சூடாகவே இருப்பதால் சீனி பெரிதாக ஏறாது. மற்றது ஏசி அறையும் எல்ஈடியும். 400 மைக்ரோமோல் ஒளியை (செக்கனுக்குச் சதுர மீற்றரில் விழும் அளவு) 12 மணி நேரம் கொடுத்தால் நாளுக்கு மொத்தம் 17 மோல் கிட்டும், அது போதும். 300ஐ 16 மணி நேரம் கொடுத்தாலும் அதே 17தான், ஆனால் நீண்ட பகலாகி குறும்பகல் இனம் பூக்காது. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தபிறகு முடிவெடுங்கள்.

---

விதையும்பதியும்

இரண்டாவதுக்கு வருகிறேன். முடியும். ஆனால் 'நல்ல பழத்தின் விதையைப் போட்டால் நல்ல செடி' என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

தோட்ட ஸ்ட்ரோபெரிக்கு நிறமூர்த்தம் 56, எட்டுத் தொகுதி. வட அமெரிக்க வர்ஜீனியானா, சிலியின் சிலோயென்சிஸ் என்ற இரண்டு ஸ்ட்ரோபெரி வகைகள் 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் தற்செயலாகக் கலந்து பிறந்தது இது. 1714இல் சிலியிலிருந்து செடி கொண்டுவந்தவர் பிரெசியே என்ற படைப் பொறியியலாளர். கொண்டுவந்தவை பெண் செடிகள், பக்கத்தில் வர்ஜீனியானா வந்து நிற்கும்வரை அவை ஒழுங்காய்க் காய்க்கவில்லை. (பிரெஞ்சில் ஸ்ட்ரோபெரிக்குப் பெயர் 'பிரேஸ்'. பெயர்ப்பொருத்தம் பார்த்தீர்களா!) இப்படிப் பிறந்ததால் ஒரே பழத்தின் 200 விதையும் 200 விதமாக வரும். கடைப்பழ விதை இன்னும் மோசம்: ஒரே இனம் நட்ட தோட்டத்தில் அது பெரும்பாலும் தன்மகரந்தம், பிள்ளைகள் வலுக்குறைந்து போகும்.

செய்முறை:

தாய்ச்செடியில் நாளைக்கு விரியப்போகும் மொட்டை எடுங்கள், இதழ் வெளுத்துத் தெரியும், திறந்திருக்காது. கூர்முனை இடுக்கியால் இதழையும் மஞ்சள் மகரந்தப்பை அத்தனையையும் வளையமாகக் கிள்ளி எடுக்கவும். நடுவில் உள்ள பச்சை மேட்டில் இடுக்கி படக்கூடாது, பட்ட இடத்தில் பழம் குழி விழும். மகரந்தப்பை ஏற்கெனவே வெடித்துத் தூள் தெரிந்தால் அந்த மொட்டைக் கைவிடுங்கள். எண்ணெய்த்தாள் பையால் மூடுங்கள், பொலித்தீன் வேண்டாம், வியர்க்கும்.

தந்தையின் மொட்டுகளிலிருந்து மகரந்தப்பைகளை எடுத்து ஒரு தாளில் பரப்பி, ஓர் இரவு உலர்ந்த அறையில் வைத்தால் தூள் கொட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் இது வெடிக்காமல் கட்டிபடும், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மெல்லிய தூரிகையால் பச்சை மேடு முழுக்கத் தடவவும். ஒரு பக்கம் விடுபட்டால் பழம் கோணும், விதையும் குறையும்.

பழம் 25 - 30 நாளில் பழுக்கும். நன்றாகச் சிவந்தபின் எடுத்து, தண்ணீரோடு மிக்சியில் இரண்டு செக்கன் மட்டும் அடியுங்கள். மூழ்கும் விதையை வைத்துக்கொண்டு மிதப்பதை ஊற்றி விடுங்கள். நிழலில் உலர்த்தி, ஈரமான பஞ்சுத்தாளில் சுற்றிப் பிரிஜ்ஜில் 4 பாகையில் நான்கு கிழமை. பிறகு மேற்பரப்பில் தூவவும். மூடக்கூடாது, முளைக்க ஒளி வேண்டும். இரண்டு மூன்று கிழமையில் வரும். மூன்றாவது இலை வரும்வரை மேலேயிருந்து தண்ணீர் ஊற்றாமல் தட்டில் ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்றழுகல் ஒரே இரவில் தட்டைக் காலி செய்யும்.

ருசிக்கு எதைப் பார்ப்பது? வெறும் பிரிக்ஸ் போதாது. மணத்தில் முக்கியமான ஒன்று காமா-டெக்காலக்டோன், பீச் பழ வாசம். அது ஏறக்குறைய ஒரே மரபணுவால் 'இருக்கு - இல்லை' என்று வருவது, அதனால் பெற்றோரில் ஒருவரிடமாவது இருந்தால் பிள்ளைகளில் நல்ல பங்குக்கு வரும். கருவி தேவையில்லை, பழத்தை அறை வெப்பத்தில் பிளந்து மூக்கருகே பிடித்தால் பிடிபடும். சீனி அப்படி இல்லை, பல மரபணு, மெல்லத்தான் ஏறும். சத்து என்றால் விற்றமின் சி சராசரியாக 100 கிராமில் 60 மில்லிகிராம் அளவு, இனத்துக்கு இனம் பெரிதாக மாறும். வீட்டில் அளக்கக் கஷ்டம், அயடீன் சொட்டுச் சோதனையால் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் முடியும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் எப்-1 (தெரிந்த இரண்டு பெற்றோரின் முதல் தலைமுறைக் கலப்பு) விதை இனங்கள் இருக்கின்றன, டெலிஸ், எலான் போல. விதையிலிருந்தே ஒரே மாதிரி வரும். இணையத்தில் விற்கும் நீல ஸ்ட்ரோபெரி, கறுப்பு ஸ்ட்ரோபெரி விதை முழுப் பொய், அப்படி ஒரு இனம் உலகத்தில் இல்லை.

---

இலைப்புள்ளி

மருந்து விசயம். பயம் பாதி சரி, பாதி பிழையான இடத்தில் நிற்குது.

பழத்தின் பெரிய எதிரி சாம்பல் பூஞ்சணம், பொட்ரிற்றிஸ். அது பழத்தில் தெரிந்தாலும் நுழைவது பூவில். பூவுக்குள் போய் அமைதியாக இருந்து, பழத்தில் சீனி ஏறும்போது எழும்பும். ஆகவே பங்கசுநாசினி வேலை செய்யும் நேரம் பூ நேரம். சிவந்த பழத்தில் பூஞ்சணத்தைக் கண்டு அடிப்பது வீண், பழத்தில் மருந்தின் எச்சம் மட்டும் மிச்சம்.

அடுத்தது அறுவடை இடைவெளி, அதாவது மருந்து அடித்தபின் பறிக்காமல் காக்க வேண்டிய நாள். கத்தரிக்காயில் 7 நாள் காத்திருக்கச் சொன்னால் விவசாயி எப்படியாவது சமாளிப்பார். ஸ்ட்ரோபெரி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் பறிக்க வேண்டிய பயிர், பூவும் காயும் பழமும் ஒரே செடியில் ஒன்றாக நிற்கும். 7 நாள் காப்பது என்றால் இரண்டு மூன்று பறிப்பை எறிய வேண்டும். எச்சத்தின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கு, விவசாயியின் கெட்ட மனதில் இல்லை. ஒரே தோட்டத்தில் வாங்குகிறீர்கள் என்றால் 'இயற்கையா' என்று கேட்க வேண்டாம், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். 'மழைக்கூரை இருக்கா, கடைசியாக எப்போது என்ன அடித்தது' என்று கேளுங்கள். பூ நனையாமல் பொலித்தீன் கூரை போட்டால் பொட்ரிற்றிஸ் பாதிக்கு மேல் தானாகவே அடங்கும். ஆனால் கூரைக்குள் வெண்தூள் நோயும் சிற்றுண்ணியும் கூடும், அதுவும் உண்மை. வெண்தூளுக்குக் கந்தகம் போதும், 30 பாகைக்கு மேல் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள் அடிக்கக்கூடாது.

அமெரிக்காவில் வருடாவருடம் வரும், மருந்து எச்சம் கூடிய பழம், காய்கறிகளின் 'அழுக்குப் பன்னிரண்டு' பட்டியலில் ஸ்ட்ரோபெரி முன்னுக்கு நிற்பது நிஜம்தான். 2024 வரை அந்தப் பட்டியல் முக்கியமாக எத்தனை வகை எச்சம் என்று எண்ணியது. ஒவ்வொன்றின் நச்சுத்தன்மையையும் கணக்கில் சேர்த்தது 2025இலிருந்துதான். ஸ்ட்ரோபெரியில் மெதைல் புரோமைட் என்ற நஞ்சு இருக்கு என்ற கதையும் இங்கே பொருந்தாது. அது கலிபோர்னியாவில் நடுவதற்கு முன் மண்ணுக்குள் செலுத்திய வாயு, ஓசோன் படைக்குக் கேடு என்று மொன்றியல் ஒப்பந்தத்தின்கீழ் நின்றது, ஸ்ட்ரோபெரி வயலுக்கான கடைசி விலக்கும் 2016ஓடு முடிந்தது. அது பழத்தில் தங்கும் பிரச்சினையாக இருக்கவில்லை, அடித்த தொழிலாளியையும் ஓசோனையும் தாக்கிய பிரச்சினை. 'மீன் மரபணு போட்ட ஸ்ட்ரோபெரி' கடையில் விற்குது என்ற வதந்தியும் பிழை: மீன் மரபணுவை முயன்றது தக்காளியில், அதுவும் கடைக்கு வரவே இல்லை.

கழுவுவது: காம்பைப் பிடுங்காமல், ஓடும் தண்ணீரில் அரை நிமிடம், சாப்பிடும் நேரத்தில் மட்டும். முன்கூட்டிக் கழுவி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்பச்சோடா 1 சதவீதக் கரைசல் பற்றி 2017இல் வந்த ஆய்வு ஆப்பிளில் செய்தது, 12 - 15 நிமிடம் ஊறவைத்தது. ஸ்ட்ரோபெரியை அவ்வளவு நேரம் ஊறவைத்தால் கூழ்தான். மேலே ஒட்டியது போகும். செடிக்குள் பரவும் வகை மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது.

இன்னுமொன்று. கொழும்புக் கடையில் புளிப்பது மருந்தால் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. ஸ்ட்ரோபெரி பறித்தபின் இனிக்காது. நிறம் கடுமையாகும், சீனி ஏறாது. மலையிலிருந்து ஆறு மணி நேரம் லொறியில் வரவேண்டும் என்று முக்கால் சிவப்பில் பறிப்பார்கள், அதுதான் புளிப்பு. காம்படி வெள்ளையாக இருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள்.

---

மாடிப்பயிர் (வெள்ளவத்தை)

நன்றி, பசளையைப் பாதியாக்கிவிட்டேன். ஏசி அறை வேண்டாம். மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் உறவினர் காணி இருக்கு, விதைநாற்றை அங்கே நட்டால்? 100 நாற்று போதுமா? இரண்டு பெற்றோரை எப்படித் தெரிவது?

---

விதையும்பதியும்

வெலிமடை நல்லது, கொழும்பை மறந்துவிடுங்கள். தெரிவு செய்த இடத்தில்தான் அந்தச் செடி நல்லாயிருக்கும், அங்கே வென்றது இங்கே தோற்கும்.

100 போதாது என்று சொல்லமாட்டேன். பெரிய நிலையங்கள் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் போட்டு ஒன்றிரண்டை எடுக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு ஒரே இனம் லொறிப் பயணமும் தாங்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்கு இவை வேண்டாம். உறுதியை விட்டுக்கொடுத்தால் ருசிக்கு இடம் கிடைக்கும். மணம், சீனி, நோய் தாங்கல் மூன்றை மட்டும் வைத்தால் 100இல் நாலைந்து கண்ணில் படும்.

பெற்றோரில் ஒருவர் மணத்துக்கு, மற்றவர் நோய் தாங்கலுக்கு. நாற்று வாங்கும்போது இனப் பெயரைக் கேளுங்கள், 'கலிபோர்னியா' என்பது பெயர் அல்ல. சான் அன்ட்ரியாஸ் கிடைத்தால் அதில் பியூசேரியம் வாடலுக்கு எதிரான எப்டபிள்யூ1 மரபணு இருக்கு, தந்தையாக வைக்கலாம்.

முதல் பருவம் மருந்தே அடிக்காமல் விடுங்கள். மழைக்கூரையும் போடவேண்டாம். வாடுவது வாடட்டும், வெண்தூள் பிடித்தது போகட்டும், மருந்து அடித்தால் பலவீனமான செடியும் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும், தெரிவு கெட்டுப்போகும். மிஞ்சியதில் மழையில்லாத மூன்று நாளுக்குப் பிறகு பறித்து ருசி பாருங்கள். மழைக்கு அடுத்த நாள் எல்லாப் பழமும் தண்ணீர்தான், அன்று பிரிக்ஸ் பார்த்து நல்ல செடியை எறிந்துவிடுவீர்கள். ஒரே செடியில் வேறுவேறு நாளில் மூன்று தரம் அளக்க வேண்டும். பிரிக்ஸ் எட்டுக்கு மேல் நிலையாக நிற்பதை ரன்னரால் பத்துச் செடியாக்கி, இரண்டாவது வருடம் மறுபடி பார்க்கவும்.

ரன்னர் எடுக்கும் தாய்ச்செடியை வலைக்குள் வையுங்கள். அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வைரசைக் கொண்டுவரும், இலை சுருண்டு செடி குட்டையாகும், அதன் ஒவ்வொரு ரன்னரும் நோயோடுதான் பிறக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பிடுங்கி எரியுங்கள், உரக்குழிக்குள் போடாதீர்கள்.