ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சொற்களின் உறவு வழியே கற்பிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்துக் கோயில் மண்டபமொன்றில், தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மலாய்மொழியை ஒலிக்கும்படியே எழுதிப் பழகிய பிள்ளைகள், 'சயின்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையும் எஸ், ஏ, ஐ, என், எஸ் என்றே எழுதிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டுச் சொற்களின் உறவுகளைக் காட்டத் தொடங்கினேன். 'சைன்' என்பதில் ஊமையாக நிற்கும் ஜி, 'சிக்னல்', 'சிக்னேச்சர்' ஆகியவற்றில் வாய்திறக்கிறது என்று பலகையில் எழுதியதும், ஒரு சிறுமி தானாகவே 'மசில்', 'மஸ்கியுலர்' இரண்டையும் அருகருகே எழுதி, சி எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி (b) இல்லை. லத்தீன் மூலத்தைக் கருதிப் பின்னாளில் அது சேர்க்கப்பட்டது என்பதை, 'டெபிட்' அட்டையை அறிந்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால், ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த 'ரிசீட்' (receipt), 'டிசீட்' (deceit) ஆகியவற்றுள், முன்னதில் மட்டும் 'ரிசெப்ஷன்' என்பதில் ஒலிக்கும் பி (p) எழுதப்படுவதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? இத்தகைய விதிவிலக்குகளைக் கற்பித்த அனுபவமுள்ள ஆசிரியர்கள் தங்கள் வழிமுறையையும், இந்த வயதினருக்கு ஏற்ற சொற்குடும்பங்கள் சிலவற்றையும் இங்கே பகிர்ந்து உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.