அதிவேகப் பாய்வில் சுழலின் நிலைப்புத்தன்மை: நிரல் பிழையா, இயற்பியலா?

வைகைக்கரை மாணவன்:
வணக்கம். மதுரையில் முதுநிலைப் பொறியியல் பயில்கிறேன். அச்சுவழித் தாரையும் சுழற்சியும் சேர்ந்த பேட்சலர் சுழலில் சிறு குலைவுகள் எவ்வளவு விரைவாக வளர்கின்றன என்று கணக்கிட்டு வருகிறேன். மாக் எண் (பாய்வின் வேகம் ஒலிவேகத்தில் எத்தனை மடங்கு என்பது) 0.1 ஆக இருக்கும்போது, சுழற்சி விகிதம் (தாரையின் வேகத்தோடு ஒப்பிட்ட சுழற்சியின் அளவு) 1.5ஐச் சற்றுத் தாண்டியதும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. லெசன், சிங், பெய்யே ஆகியோரின் 1974ஆம் ஆண்டு முடிவுகளோடு இது பொருந்துகிறது. ஆனால் விகிதத்தை 0.8இல் நிறுத்தி மாக் எண்ணை 2, 3 என்று உயர்த்தினால் வளர்ச்சி சரிந்துகொண்டே போகிறது. நிரலில் பிழை இருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது.

திருமங்கலத்தான்:
நிரலை நொந்துகொள்ளாதீர்கள், தம்பி. குலைவு வளர வேண்டுமானால் தாரையின் ஒரு பக்கத்து அழுத்த மாற்றம் மறுபக்கத்தை எட்ட வேண்டும். அது ஒலியின் வேகத்தில்தான் செல்லும் என்பதால், தாரை அதைவிட விரைந்து ஓடும்போது செய்தி பிந்திப் போகிறது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரு பாய்வுகள் உரசிக் கலக்கும் கலவை அடுக்குகளில் குலைவின் வளர்ச்சி இவ்வாறு மெலிவதைப் பாபமோஸ்கோவும் ரோஷ்கோவும் 1988இல் அளந்து காட்டினார்கள். ஒலியைவிட விரைந்து ஓடும் காற்றில் எரிபொருளை எரிக்கும் ஸ்கிராம்ஜெட் எஞ்சினில் எரிபொருளைக் காற்றோடு கலப்பது பெரும்பாடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, அழுத்தம் குறைந்த சுழல் மையத்தில் காற்று இலேசாகிறது. பால் பண்ணையில் கிரீம் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். இலேசானது நடுவிலும் கனத்தது ஓரத்திலும் நின்றுவிட்டால் அந்த அடுக்கு எளிதில் குலையாது.

மேலூர் வாசகர்:
முதல் காரணத்தில் எனக்கு மறுப்பில்லை. கிரீம் உவமைதான் இடிக்கிறது. பால் அமுங்காது, காற்று அமுங்கும். மையத்துக் காற்றுத் துணுக்கு ஒன்றை வெளியே தள்ளினால், அங்குள்ள மிகுந்த அழுத்தத்தில் அதுவும் இறுகிக் கனத்துவிடும். என்ட்ரோபி (வெப்பம் சேராமலும் இழக்கப்படாமலும் காற்று மெல்ல இறுகும்போது மாறாமல் நிற்கும் அளவு) எங்கும் ஒரே அளவாக இருந்தால் அதன் அடர்த்தி சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும். அடர்த்தி வேறுபாட்டால் அதை உள்ளே திருப்பும் விசை எழாது. எனவே பார்க்க வேண்டியது அடர்த்தியை அல்ல, என்ட்ரோபி ஆரத்தோடு மாறும் விதத்தை. மாணவரே, வெப்பநிலையை எப்படிக் கொடுத்தீர்கள்? வெளி எல்லை எங்கே இருக்கிறது?

வைகைக்கரை மாணவன்:
வெப்பநிலை எங்கும் ஒன்றே, ஐயா. எல்லையில் கடினச் சுவர்; அது மையத்திலிருந்து சுழல் கருவின் ஆரத்தைப் போல் ஐந்து மடங்கு தொலைவில் உள்ளது.

மேலூர் வாசகர்:
அப்படியானால் அழுத்தம் குறைந்த மையத்தில் என்ட்ரோபி கூடுதலாக இருக்கும். வெளியே தள்ளப்பட்ட துணுக்கு அங்குள்ள காற்றைவிட இலேசாகவே இருந்து உள்ளே திரும்பும்; அதுவே சுழலுக்குக் கூடுதல் கட்டுப்பாடு தருகிறது. சீரான என்ட்ரோபியோடு ஒருமுறை ஓட்டினால் ஒலிவேகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். சுவரையும் எடுத்துவிடுங்கள். உயர் மாக் எண்ணில் சில குலைவுகள் ஒலியலைகளாக வெளியே பரவும். சுவர் அவற்றைத் திருப்பி அனுப்பினால், சுழலில் இல்லாத வளர்ச்சியைக்கூட உங்கள் நிரல் காட்டும்.