பால் பண்ணை அபாய மதிப்பீடு: உங்கள் அனுபவம் என்ன?

பினாங்கு, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. மைகேப் (மலேசியாவின் நல்ல வேளாண் நடைமுறை) சான்றிதழைப் புதுப்பிக்கும் முன் அபாய மதிப்பீட்டைச் சரிபார்க்கப் போயிருந்தேன். மருந்துப் பதிவு, தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக இருந்தன. பாலில் மருந்து கலப்பதற்கு நேராக மட்டும் ‘குறைவு’ என்று போட்டிருந்தார்கள்.

“மடிநோய் எப்பவோ ஒரு மாட்டுக்குத்தான் வரும் தம்பி, மருந்து போட்ட மாடுன்னு தெரிய அதுக்கும் கால்ல சிவப்பு நாடா கட்டிடுவோம்” என்றார் பண்ணைக்காரர். நியாயமான பதில்தான். ஆனால் நடந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தல்லவா மதிப்பெண் போட வேண்டும்? ஊசி போட்ட ஒரே மாட்டின் பால் போதும், தொட்டிப் பால் மொத்தமும் வீண். நிறத்திலும் மணத்திலும் தெரியாது. காய்ச்சினாலும் பென்சிலின் போன்ற மருந்து முழுதாகப் போகாது. அது ஒத்துக்கொள்ளாதவர் குடித்தால் ஒவ்வாமை வரலாம். உறை ஊற்றினால் தயிரும் சரியாக உறையாது.

மாலைக் கறவை வரை இருந்து பார்த்தேன். நாடா சேறு படிந்து கறுத்துப் போயிருந்தது. காலையில் கறந்தவர் வேறு; மாலையில் வந்தவர் நேபாளத்துக்காரர், எந்த மாட்டுக்கு மருந்து என்று பலகையில் எழுதியிருந்த தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற பெரியவர் அந்த மாட்டைக் காட்டித் தடுத்துவிட்டார். சரி, அவர் லீவில் போனால்? ‘அதிகம்’ என்று மாற்றச் சொன்னேன். இப்போது ஊசி போடும் முன்பே பின்னங்கால் இரண்டிலும் புது நாடா கட்டுகிறார்கள். மருந்து லேபிளில் சொன்ன காலம் முடியும்வரை அந்த மாட்டைக் கடைசியாக, தனி வாளியில் கறக்கிறார்கள்.

பதில், நிபோங் திபால் ஆட்டுப் பண்ணையிலிருந்து:

அண்ணே, எங்களுக்குத் தீபாவளி நேரம்தான் நோய் பயம். வெளி ஆடுகள் வந்து இறங்கும், லோரி பல பண்ணை சுற்றி வரும். ஆண்டுத் தொடக்கத்தில் போடும் மதிப்பீட்டில் இந்த நெரிசல் தெரியாது. அதனால் தீபாவளிக்கு முன் மறுபடியும் பார்க்கிறோம். புது ஆடுகளுக்குத் தனிக் கொட்டகை, லோரி டயருக்குக் கிருமிநாசினி.

அப்புறம், கொட்டகைக்கு மேலேயும் பாருங்கள். 1998-99-இல் நிப்பா வைரஸ் நோய் வந்தபோது ஈப்போ வட்டாரத்தில் பன்றிக் கொட்டகையை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் வழியாகப் பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றியதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று யார் அந்தப் பழமரங்களை அபாயம் என்று எழுதியிருப்பார்கள்?

உங்கள் பக்கம் பாலை அனுப்பும் முன் தொட்டியில் மருந்துச் சோதனை செய்கிறார்களா அண்ணே?